பத்தாவதுக்கு அப்புறம் தொழிற்கல்வி: அரசுப் பணம் எங்கிருந்து வருகிறது, சீர்திருத்தங்களால் எங்கே போகிறது? கொங்குப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரசு ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) ஒன்றில் டர்னர் (லேத் வேலை) பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துப் பள்ளிகளில் பத்தாவது, பன்னிரண்டாவது முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோரோடு உட்கார்ந்து பேசுகிறேன். கல்விக் கொள்கை, திறன் திட்டம், ஆயிரம் கோடி என்று செய்திகளில் அடிபடும்போதெல்லாம் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "அதுல நம்ம பிள்ளைக்கு என்னங்க?" அப்படி வந்த கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இங்கே இருக்கின்றன.

ஐ.டி.ஐ.க்குப் பணம் தருவது மத்திய அரசா, மாநில அரசா?

இரண்டும்தான். ஆனால் தருவது வேறு வேறு. அரசியல் சாசனத்தில் கல்வியும், தொழிலாளருக்கான தொழில் பயிற்சியும் பொதுப்பட்டியலில் 25வது இனத்தில் இருக்கின்றன. அதனால் இரண்டு அரசுகளுக்கும் உரிமை உண்டு, பொறுப்பும் உண்டு.

நடைமுறையில் பார்த்தால், அரசு ஐ.டி.ஐ.யின் கட்டடம், பயிற்றுநர் சம்பளம், கரண்ட் பில், மாணவர் உதவித்தொகை எல்லாம் மாநில அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை வழியாக வருகிறது. பாடத்திட்டம், அகில இந்தியத் தேர்வு, தேசியச் சான்றிதழ் ஆகியவை மத்திய அரசின் பயிற்சித் தலைமை இயக்குநரகத்தின் கையில். 1950இல் ஆரம்பித்த கைவினைஞர் பயிற்சித் திட்டம் இன்றுவரை இந்தப் பங்கீட்டில்தான் ஓடுகிறது. இந்த இயக்குநரகம் முன்பு தொழிலாளர் அமைச்சகத்தில் இருந்தது. 2014இல் திறன் மேம்பாட்டுக்கென்று தனி அமைச்சகம் வந்ததும் 2015இல் அங்கே போனது.

ஆக, சட்டைக்குத் துணி ஒருவர், தையற்கூலி இன்னொருவர் என்கிற கதைதான். சட்டை சரியில்லை என்றால் யாரைக் கேட்பது என்பதுதான் பெற்றோருக்குக் குழப்பம். உதவித்தொகை வரவில்லை, பயிற்றுநர் இல்லை, ஹாஸ்டல் இல்லை என்றால் மாநிலத் துறையைக் கேளுங்கள். சான்றிதழ் வரவில்லை, தேர்வு முடிவில் தவறு என்றாலும் முதலில் ஐ.டி.ஐ. முதல்வரிடம் எழுதிக் கொடுங்கள். அங்கிருந்துதான் அது மேலே போக வேண்டும்.

அரசு ஐ.டி.ஐ.யில் சேர்த்தால் எங்களுக்கு என்ன செலவு?

பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பாடப்புத்தகம், வரைபடக் கருவிகள், சீருடை, காலணி, சைக்கிள், பஸ் பாஸ் ஆகியவற்றை மாநில அரசு தருகிறது. வயது 14 முதல் 40 வரை. பெண்களுக்கு உச்சவரம்பு இல்லை. குழந்தைகள் வளர்ந்து பள்ளிக்குப் போன பிறகு சேர விரும்பும் தாய்மார்களுக்கு இதை நான் விடாமல் சொல்கிறேன்.

இதற்கு மேல், அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் நம்ம கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. டிகிரிக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐ.டி.ஐ., டிப்ளமோ பிள்ளைகளுக்கும் இது உண்டு.

இரண்டையும் கூட்டினால் மாதம் 1,750 ரூபாய். ஒரு பவுண்டரியிலோ பனியன் கம்பெனியிலோ அதே வயதுப் பையன் வாரச் சம்பளமாக வாங்குவதோடு இதை ஒப்பிட முடியாது. சனிக்கிழமை கையில் காசு வாங்கும் பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்துவிட்டு இவன் மனசு மாறும். இரண்டு வருஷம் தாக்குப்பிடிக்கப் பெற்றோர் துணை நிற்க வேண்டும்.

2,877 கோடி ரூபாயில் ஐ.டி.ஐ.க்களை மாற்றியதாகச் சொல்கிறார்களே, அது என்ன?

தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 'தொழில் 4.0' (கணினியும் ரோபோவும் சேர்ந்த நவீன உற்பத்தி) தரத்துக்கு உயர்த்திய திட்டம் அது. மொத்த மதிப்பு சுமார் 2,877 கோடி ரூபாய். இதில் பெரிய பங்கு டாடா டெக்னாலஜிஸும் அதன் கூட்டாளி நிறுவனங்களும் இயந்திரம், மென்பொருள், பயிற்சியாகத் தருவது. 2023 ஜூலையில் ஒரகடத்தில் தொடக்க விழா நடந்தது.

இந்தத் திட்டத்தால் சி.என்.சி. இயந்திரங்கள் (கணினிக் கட்டளைப்படி உலோகம் வெட்டுபவை), ரோபோ, மின்சார வாகனப் பழுதுநீக்கம், கணினி வடிவமைப்பு என்று புதுப் பிரிவுகள் வந்தன. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்து லேத்தில் பழகிவிட்டு வெளியே போன பையன், கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு பட்டறைக்குள் நுழைந்ததும் முதல் நாளே தடுமாறினான். அங்கே இருந்த இயந்திரத்தை அவன் அதுவரை தொட்டதே இல்லை. அந்த இடைவெளி இப்போது குறைகிறது. இதை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2,877 கோடியை 71ஆல் வகுத்தால் ஒரு ஐ.டி.ஐ.க்குச் சராசரியாக 40 கோடி ரூபாய் வருகிறது. அந்த இயந்திரத்தின் முன்னால் நிற்கும் பிள்ளைக்கு மாதம் 750 ரூபாய். சீர்திருத்தம் என்று வரும்போது பணம் முதலில் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் போகிறது. அது ஒருமுறைச் செலவு, திறப்பு விழா நடத்தலாம், கண்ணுக்குத் தெரியும். வருஷா வருஷம் தேவைப்படுகிற கட்டிங் டூல், கச்சா இரும்பு, பராமரிப்பு, பயிற்றுநர் சம்பளம் ஆகியவை தொடர்செலவு. அதற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. ஒரு இன்சர்ட் (கட்டிங் டூலின் வெட்டும் முனை) உடைந்தால் புதுசு வாங்கப் பணம் இருக்கிறதா என்பதில்தான் அந்த 40 கோடியின் பலன் இருக்கிறது. உங்கள் ஊர் ஐ.டி.ஐ.யைப் பார்க்கப் போனால் இயந்திரம் எத்தனை என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் வாரத்தில் எத்தனை மணி நேரம் அதில் வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

அப்புறம் 60,000 கோடி என்று ஒரு செய்தி வந்ததே?

அது மத்திய அரசின் திட்டம். 2025 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது, அக்டோபரில் 'பி.எம். சேது' என்ற பெயரில் தொடங்கியது. நாடு முழுக்க 1,000 அரசு ஐ.டி.ஐ.க்களை ஐந்து ஆண்டுகளில் உயர்த்துவது இலக்கு. 200 பெரிய ஐ.டி.ஐ. மையமாக இருக்கும், சுற்றியுள்ள 800 அதோடு இணைக்கப்படும். பயிற்றுநர்களைப் பயிற்றுவிக்கும் ஐந்து உயர் மையங்களில் ஒன்று சென்னையில்.

இந்த 60,000 கோடியும் மத்திய அரசே தருவது என்று நினைத்துவிடாதீர்கள். மத்திய அரசு 30,000 கோடி, மாநிலங்கள் 20,000 கோடி, தொழில்துறை 10,000 கோடி. மாநிலம் தன் பங்கை வைத்தால்தான் மத்தியப் பங்கு முழுமையாகப் பயன்படும். தொழில்துறை பணம் போடுகிறது என்றால் எந்தப் பிரிவு நடக்க வேண்டும் என்பதிலும் அதற்கு ஒரு குரல் வேண்டும். திட்டமே அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

இங்கேதான் கொங்குக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. நம்ம பகுதித் தொழில் பெரும்பாலும் சிறுசு. கோவையில் பம்ப், மோட்டார், கிரைண்டர், பவுண்டரி. திருப்பூரில் பின்னலாடை. கரூரில் வீட்டு உபயோகத் துணியும் பஸ் பாடியும். நாமக்கல்லில் லாரி பாடி. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக். இவற்றில் பலவும் ஷெட்டுக்குள் இருபது, முப்பது பேர் வேலை செய்யும் இடங்கள். கோடிக்கணக்கில் போட்டு ஒரு ஐ.டி.ஐ.யின் பங்குதாரராக அவர்களால் ஆக முடியாது. பெரிய நிறுவனம்தான் முன்வரும். அப்படி வந்தால் பாடப்பிரிவுகளும் அந்தப் பெரிய நிறுவனத்தின் தேவைக்கே சாயும். ரிக் மெக்கானிக்கும் மோல்டரும் (வார்ப்பு அச்சு செய்பவர்) யார் கணக்கிலும் வரமாட்டார்கள் என்பதுதான் என் கவலை. கொடிசியா மாதிரி சிறுதொழில் சங்கங்கள், திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் எல்லாம் கூட்டாக அந்த இருக்கையில் உட்கார வேண்டும். தனித்தனிப் பட்டறைக்காரரால் முடியாததை ஒரு சங்கம் செய்யலாம்.

தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. அதனால் ஐ.டி.ஐ. பணம் நின்றுவிடுமா?

நேரடியாக இல்லை. சண்டை நடப்பது பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா நிதியில். 2024-25க்கான 2,152 கோடி ரூபாய், தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிய பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் சேராததால் நிறுத்தி வைக்கப்பட்டது என்று சொல்லி மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அது கல்வி அமைச்சகத்தின் பணம். ஐ.டி.ஐ. திட்டங்கள் திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் கீழ் வருபவை.

ஆனால் மறைமுகமாக இரண்டு பாதிப்பு உண்டு. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பள்ளியிலேயே தரும் தொழிற்பயிற்சிக்கு சமக்ர சிக்ஷாவில் ஒரு பகுதி இருக்கிறது. அந்த நிதி சுருங்கினால், பள்ளியில் ஒரு கருவியையும் கையில் பிடிக்காமலே பிள்ளைகள் வெளியே வருவார்கள். இரண்டாவது, மத்திய அரசு தராத பணத்தை மாநிலம் தன் கருவூலத்திலிருந்து ஈடுகட்டுகிறது. ஆசிரியர் சம்பளத்தை நிறுத்த முடியாதல்லவா? அந்தச் சுமை வேறு எங்காவது இறங்கியே தீரும்.

2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, 2025க்குள் பள்ளி, உயர்கல்வி மாணவர்களில் பாதிப் பேருக்காவது தொழிற்கல்வி அறிமுகம் கிடைக்க வேண்டும் என்று எழுதியது. தமிழ்நாடு 2025 ஆகஸ்டில் தனக்கென்று மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. எந்தக் கொள்கையாக இருந்தாலும் என் அளவுகோல் ஒன்றுதான்: பத்தாவதில் தோற்ற பையனுக்கு அதில் என்ன இருக்கிறது? எட்டாவது தேர்ச்சியோடு சேரக்கூடிய வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகள் இருப்பது அவனுக்காகத்தான். அவற்றைக் குறைக்கும் எந்தச் சீர்திருத்தத்தையும் நான் எதிர்ப்பேன்.

என்.சி.வி.டி. நல்லதா, எஸ்.சி.வி.டி. நல்லதா?

முன்னது தேசியச் சான்று, பின்னது மாநிலச் சான்று. வாய்ப்பு இருந்தால் தேசியச் சான்று உள்ள பிரிவில் சேருங்கள். இந்தியா முழுக்கச் செல்லும், வெளிநாட்டு வேலைக்கும் கேட்பார்கள். தனியார் ஐ.டி.ஐ.யில் சேர்ப்பதாக இருந்தால், நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருந்தால் போதாது. உங்கள் பிள்ளை சேரும் பிரிவுக்கும் ஷிப்டுக்கும் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அரசு உதவி எல்லாமே அந்த அங்கீகாரத்தைப் பிடித்துத்தான் வரும். தனியார் ஐ.டி.ஐ.க்களில் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் உண்டு, கலந்தாய்வில் கேட்டு வாங்குங்கள்.

மூன்று மாத இலவச கோர்ஸ் முடித்தால் வேலை என்கிறார்கள். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் எதுக்குங்க?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். கடந்த பத்து வருஷத்துச் சீர்திருத்தங்களில் பணம் போன திசை இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

2015இல் பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. குறுகிய காலப் பயிற்சி, பயிற்சி நிறுவனத்துக்கு ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று அரசு பணம் தரும். 2025 பிப்ரவரியில் இதையும், அப்ரண்டிஸ் (நிறுவனத்தில் தொழில் பழகுபவர்) ஊக்கத் திட்டத்தையும், அதிகம் படிக்காதவர்களுக்குத் தொழில் கற்றுத்தரும் ஜன் சிக்ஷண் சன்ஸ்தானையும் ஒன்றாகச் சேர்த்து 8,800 கோடி ரூபாய்க்கு 2026 வரை நீட்டித்தார்கள். மாநிலத்திலும் திறன் மேம்பாட்டுக் கழகம் வழியாக இதேபோன்ற குறுகிய பயிற்சிகள் நடக்கின்றன. 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் திறன் வகுப்புகள் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் வரை வந்தன.

குறுகிய பயிற்சிக்கு ஒரு இடம் உண்டு. ஏற்கெனவே தையல் தெரிந்த பெண் ஒருவர் ஓவர்லாக் இயந்திரம் பழகுவதற்கு மூன்று மாதம் தாராளம். ஃபிட்டருக்கு சோலார் பேனல் பொருத்தச் சொல்லிக்கொடுக்கவும் அது போதும். ஆனால் ஒன்றுமே தெரியாத பதினாறு வயதுப் பையனை மூன்று மாதத்தில் எலக்ட்ரீஷியன் ஆக்க முடியாது. மூன்றாவது மாதம் கையில் ஒரு காகிதம் கிடைக்கும். எர்த்திங் எப்படிப் போடுவது என்று கேட்டால் முழிப்பான். உயிரோடு விளையாடுகிற வேலை அது.

அரசுக்கு ஏன் இது பிடிக்கிறது என்பது புரிகிறது. ஆளுக்கு ஆகும் செலவு குறைவு, எண்ணிக்கை சீக்கிரம் ஏறும். ஐ.டி.ஐ.யில் ஒரு பிரிவில் இருபது பேரை இரண்டு வருஷம் வைத்துப் பயிற்சி தரும் காசில், குறுகிய பயிற்சியில் பல மடங்கு பேரைக் கணக்குக் காட்டலாம். அந்தப் பிள்ளை ஐந்து வருஷம் கழித்து எங்கே நிற்கிறான் என்று யார் பார்க்கிறார்கள்? பிரதமரின் திறன் திட்டத்தின் நான்காவது கட்டத்தில் குறுகிய காலப் பயிற்சியை வேலைவாய்ப்போடு பிணைத்திருந்த நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். இதில் எனக்கு உடன்பாடே இல்லை.

படிப்பின் நீளம் பற்றிய விவாதம் கோவைக்குப் புதுசல்ல. 1945இல் இங்கே ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் உருவானபோது, அதற்கு முன்னின்ற ஜி.டி. நாயுடு நான்கு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷம் போதும் என்று வாதாடினார். அரசு ஒத்துக்கொள்ளாததால் விலகிவிட்டார். அவர் சொன்னதை இப்போதைய மூன்று மாதக்காரர்கள் தங்களுக்குச் சாதகமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர் குறைக்கச் சொன்னது ஏட்டுப் பாடத்தில் வீணாகும் காலத்தை. கை பழகும் காலத்தை அவர் குறைக்கச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே, பள்ளி முடித்து நேராக வருகிற பிள்ளைக்கு ஒரு வருஷ, இரண்டு வருஷ ஐ.டி.ஐ. படிப்பு. அதை முடித்த பிறகு தேவைப்பட்டால் குறுகிய பயிற்சி. வரிசையை மாற்றாதீர்கள்.

அப்ரண்டிஸாகச் சேர்ந்தால் அரசு பணம் தருமாமே?

தரும். ஆனால் முழுச் சம்பளத்தையும் அரசு தரும் என்று நினைக்க வேண்டாம்.

1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ், 2019இல் திருத்திய விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் கட்டாயம் அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும். மொத்த ஆட்களில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை. 200 பேர் உள்ள பனியன் கம்பெனி என்றால் குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 30 பேர். நான்கு பேர் இருந்தாலே விருப்பப்பட்டு எடுக்கலாம்.

குறைந்தபட்ச உதவித்தொகை, அதே 2019 விதிகளில், ஐந்து முதல் ஒன்பதாவது வரை படித்தவருக்கு மாதம் 5,000, பத்தாவதுக்கு 6,000, ஐ.டி.ஐ. சான்று இருந்தால் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, டிகிரிக்கு 9,000 ரூபாய். 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் இதை 36 சதவீதம் உயர்த்தப் பரிந்துரைத்தது. நீங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாளில் எந்த விகிதம் அமலில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசுப் பங்கு 2016இல் வந்த தேசிய அப்ரண்டிஸ் ஊக்கத் திட்டத்தில் கிடைக்கிறது. உதவித்தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் மாதம் 1,500 ரூபாய். 7,000 ரூபாயில் கால்வாசி 1,750 ஆகும், உச்சவரம்பு இருப்பதால் 1,500தான். மீதி 5,500ஐ முதலாளி தர வேண்டும். முன்பு அந்த 1,500ஐ முதலாளி முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் அரசிடம் கேட்டு வாங்கினார். 2023இலிருந்து அது நேராகப் பிள்ளையின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. காகித வேலைக்குப் பயந்து ஒதுங்கியிருந்த சிறு முதலாளிகளுக்கு இது நல்ல மாற்றம். டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்கான தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டம் தனி. அது கல்வி அமைச்சகத்துடையது, அங்கே அரசுப் பங்கு பாதி.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. நம்ம பகுதி நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மூன்று வருஷம் பயிற்சி என்று சொல்லி இளம் பெண்களை விடுதியில் வைத்து, கடைசியில் மொத்தமாகப் பணம் தருவோம் என்றார்கள். இடையில் உடம்பு முடியாமல் வீட்டுக்கு வந்தால் அந்தப் பணமும் போனது. பயிற்சி என்ற சொல்லை இப்படிக் கூலியைக் குறைக்கும் வழியாக்கியதை என்னால் மறக்க முடியவில்லை. ஆகவே 'அப்ரண்டிஸ்' என்று யார் சொன்னாலும் மூன்று விஷயம் கேளுங்கள். ஒப்பந்தம் அரசு அப்ரண்டிஸ் இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா? உதவித்தொகை மாதா மாதம் வங்கியில் விழுமா? முடிவில் தேசிய அப்ரண்டிஸ் சான்று உண்டா? ஒன்றுக்கு இல்லை என்றாலும் அது அப்ரண்டிஸ் பயிற்சி ஆகாது. அது வேலை. வேலைக்கு உரிய கூலியைக் கேளுங்கள்.

ஐ.டி.ஐ. சேர்ந்தால் மேலே படிக்க முடியாதே?

முடியும். பத்தாவது முடித்து இரண்டு வருஷ ஐ.டி.ஐ. தேறியவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். தமிழ், ஆங்கில மொழித் தேர்வுகளையும் எழுதித் தேறினால் அது பன்னிரண்டாவதுக்குச் சமம் என்று தமிழ்நாடு அரசு ஆணை இருக்கிறது. எட்டாவது முடித்து வந்தவருக்குப் பத்தாவதுக்குச் சமம். மொழித் தேர்வு எழுதாமல் விட்டுவிட்டுப் பின்னால் வருத்தப்படுபவர்கள் அதிகம். முதல் வருஷமே அதைப் பற்றிக் கேளுங்கள்.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களின் உதவித்தொகை இப்போது பிள்ளையின் கணக்குக்கே வருகிறதே, கல்லூரி ஏன் எங்களிடம் கேட்கிறது?

பத்தாவதுக்குப் பிந்தைய படிப்புக்கான உதவித்தொகையில் நடந்த சீர்திருத்தம் அது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை எஸ்.சி. மாணவருக்கான பங்கீட்டை மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று மாற்றியது. அந்த மத்தியப் பங்கு நேராக மாணவரின் கணக்குக்குப் போக ஆரம்பித்தது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் இரண்டும் இதில் வரும்.

பங்கீட்டு மாற்றம் நல்லதுதான். பழைய முறையில் மாநிலங்கள் மேல் விழுந்த சுமை பெரிசு. ஆனால் பணம் கணக்கில் விழும் நாளும் கல்லூரி கட்டணம் கேட்கும் நாளும் ஒத்துப்போவதில்லை. வீட்டில் அவசரம் என்றால் வந்த பணம் செலவாகிவிடும், அதுவும் இயல்பு. பணம் வரும்வரை காத்திருக்கச் சொல்லி முதல்வருக்கு எழுத்தில் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வந்ததும் அன்றே கட்டிவிடுங்கள். உதவித்தொகை வரவேண்டிய பிள்ளையைக் கட்டணத்துக்காகத் தேர்வு எழுத விடாமல் நிறுத்தினால் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

பட்டறையில் பத்து வருஷமா வேலை. கையில் சான்று இல்லைங்க. இனி ஏதாவது வழி?

இருக்கிறது. முன்அனுபவத்தைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு பிரதமரின் திறன் திட்டத்துக்குள் உண்டு. அதைவிட எனக்குப் பிடித்தது, அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. வேலை அனுபவத்தை நிரூபித்து விண்ணப்பித்தால் ஐ.டி.ஐ. மாணவர் எழுதும் அதே தேர்வை எழுதலாம். இதற்கான அறிவிப்பு நாளிதழில் சின்னதாக வரும், கவனித்துக்கொண்டே இருங்கள், அல்லது அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் கேட்டு வையுங்கள். சிங்காநல்லூரிலும் காங்கேயத்திலும் எத்தனையோ மோல்டர்கள், டர்னர்கள் முதல் தரமான கைத்திறனோடு காகிதம் இல்லாமல் இருக்கிறார்கள். அரசு இவர்கள் மேல் இன்னும் கொஞ்சம் செலவழிக்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் கோரிக்கை.

இருக்கிற பணத்தை எங்கே போட வேண்டும் என்கிறீர்கள்?

முதலில் பயிற்றுநர் பணியிடங்களில். நல்ல இயந்திரமும் நிரந்தரப் பயிற்றுநர் இல்லாத பிரிவும் சேர்ந்தால் இயந்திரத்தின் மேல் துணி போர்த்தித்தான் வைப்பார்கள். அடுத்தது அந்த 750 ரூபாய். அதைக் கூட்டினால் பாதியில் நிற்கும் பிள்ளைகள் குறைவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். மூன்றாவது ஹாஸ்டல். தாளவாடியிலிருந்தோ ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்தோ வரும் பிள்ளைக்கு பஸ் பாஸ் எந்த உதவியும் செய்யாது.

தொடர்ந்து காலியாகக் கிடக்கும் இடங்களின் அங்கீகாரத்தை ரத்து செய்யும் போக்கையும் இங்கே சொல்ல வேண்டும். சேர ஆள் இல்லை என்று ஒரு பிரிவை மூடுவதற்கு முன்னால், அந்த ஊரின் பள்ளிகளில் யாராவது போய் அந்தப் பிரிவு இருப்பதாகச் சொன்னார்களா என்று பார்க்க வேண்டும். நான் போகும் பள்ளிகளில் பாதிப் பெற்றோருக்கு, தங்கள் தாலுகாவில் அரசு ஐ.டி.ஐ. இருப்பதே தெரியவில்லை.

எப்போது, எப்படி விண்ணப்பிப்பது?

பத்தாவது முடிவு வந்ததும் மே, ஜூன் மாதங்களில் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில் விண்ணப்பம் திறக்கும். வீட்டில் வசதி இல்லை என்றால் அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் உதவி மையம் இருக்கும், அங்கேயே பதிவு செய்து தருவார்கள். கலந்தாய்வில் இடம் கிடைக்காவிட்டாலும் மனம் விட வேண்டாம். மீதமுள்ள இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடக்கும்.

மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று, ஆதார், புகைப்படம், பிள்ளையின் பெயரில் வங்கிப் புத்தகம் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் பணத்துக்கு ஆறாவது முதல் எந்தப் பள்ளியில் படித்தார் என்ற விவரமும் வேண்டும். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று சேர்க்கைக்கு முன்பே பார்த்துவிடுங்கள். உதவித்தொகை வரவில்லை என்று என்னிடம் வருபவர்களில் பலருக்குத் தடையாக இருந்தது அந்த இணைப்புத்தான். வங்கியில் ஒரு படிவம் கொடுத்தால் சரியாகிவிடும்.